இரண்டாம் எடை இல்லாதவர்கள்

செத்துப்போன குழந்தைகளால் எங்கள் டாக்டர் ஞிரெண்டாவுக்குப் பெரிய தொல்லை. மங்கோச்சி ஏரிக்கரையில், மெலிந்த குழந்தைகள் இருபத்துநாலு பேருக்குப் பால்பவுடரை நிறுத்திவிட்டுப் புது சோயா மாவு கொடுத்துப் பார்த்தோம். முதல் நாள் ஓர் எடை, ஆறாம் வாரம் ஓர் எடை. மாவு ஜெயித்தால் கரை முழுக்கப் பால் நின்றுவிடும். என் தங்கை எனிஃபாவின் பெண் தலாண்டிரா அந்தப் பாலில்தான் உயிரோடிருந்தாள்.

கணக்குப் போடுகிறவள் நான். பதினைந்து பேருக்கு எடை ஏறியிருந்தது, நாலு பேருக்கு இறங்கியிருந்தது, ஒன்று அப்படியே. மீதி நாலும் செத்துப்போயின. எங்கள் பக்கம் பிள்ளையைப் பறிகொடுத்தவள் தராசுப் பக்கம் வரமாட்டாள். அதைச் சாக்காக வைத்து நர்ஸ் அந்த நாலு கட்டத்திலும் ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தாள். புண்ணியவதி!

"ரெண்டாவது எடை இல்லேன்னா ஜோடி இல்ல. ஜோடி இல்லேன்னா கணக்குல இல்ல. தூக்கிடு ஃபலேசி," என்றார் டாக்டர்.

"சார், நாம போடறது வரிசைக் கணக்கு. யாரு மேல, யாரு கீழன்னு தெரிஞ்சா போதும், கிராம் கணக்கு எதுக்கு? சாவைவிடக் கீழ இறங்க முடியுமா? நாலு பேரையும் கடைசியில வைங்க."

"வெச்சா?"

"இறங்கினது நாலு, செத்தது நாலு. பதினஞ்சுக்கு எட்டு. காசைச் சுண்டிப் போட்டாலே அப்படி விழும். மாவு தேறாது சார்."

"அடேங்கப்பா, பெரிய மேதை!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் தங்கச்சி குழந்தைக்கு மாசாமாசம் பால் டின் வீட்டுக்கே வந்துடும். கையெழுத்தப் போடு."

போட்டேன். வெட்கங்கெட்டவள்.

கரையெங்கும் பால் நின்றது. மாவுக்கான அடுத்த பட்டியலில் எங்கள் ஊர். தலாண்டிராவின் பெயரும் இருந்தது. ஆறாம் வாரம் அவள் கொழுகொழுவென்று தராசில் உட்கார்ந்தாள். ஒரு கிலோ முந்நூறு கிராம் கூடியிருந்தது.

"ஏண்டி எனிஃபா, அதே மாவுதானே? எம்புள்ளைக்கு மட்டும் ஏன் ஒட்டல?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. அவள் இடுப்பில் இருந்தது வெறும் எலும்பு.

"நேரத்துக்கு ஊட்டணும்க்கா," என்றாள் என் தங்கை, என் முகத்தைப் பார்க்காமல்.

"நான்தான் சரியா ஊட்டல போல," என்று அந்தத் தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் குனிந்து தலாண்டிராவின் பெயருக்கு எதிரே கூட்டல் குறி போட்டேன். மாவு தந்த ஏற்றங்களிலேயே பெரியது அதுதான் என்று கணக்கில் ஏறியது.