ஏழாவது புத்தகம்

கணவனை இழந்த முஃப்லிஹா அறைக்குள் இத்தா இருக்கத் தொடங்கி ஐம்பத்திரண்டாவது நாள், ஜப்பானிலிருந்து ஹுனைஸின் பெட்டி ஆலங்குடாவுக்கு வந்தது. அவனை அங்கேயே அடக்கிவிட்டார்கள். பெட்டியில் இரண்டு சேர்ட்டும் ஒரு ஜக்கெட்டும் ஏழு சித்திரக்கதைப் புத்தகங்களும் இருந்தன.

ஜப்பான் சக்கரவர்த்தியின் பழங்கால அரண்மனையில் நடக்கும் ஒரே காதல் கதைதான் ஏழும். மூங்கில் திரைக்குப் பின்னால் ஒரு சீமாட்டி. முகம் பார்க்காமலே திரைக்கு வெளியே இருந்து அவளோடு கதைக்க வரும் ஒரு சின்ன உத்தியோகத்தன். கார் கழற்றும் யார்டில் வேலை செய்தபடியே ஜப்பான் எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பழகிய ஹுனைஸ், வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவளுக்கு வீடியோ கோலில் பக்கம் பக்கமாகக் காட்டிக் கதை சொல்வான். தெரியாத இடங்களைப் புளுகி நிரப்புகிறான் என்பது அவளுக்குத் தெரியும். ஆறு புத்தகங்கள் அப்படி முடிந்தன. ஏழாவதைத் தொடங்குமுன் நெஞ்சுவலியில் போய்விட்டான்.

ஏழாவதைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தாள். ‘தயவுசெய்து பல்லக்கு ஈரமாக உள்ளது’ என்றது. அணைத்துவிட்டாள். கடலில் பலகைமேல் நின்று பட்டம் பிடித்துப் பாயும் வெள்ளைக்காரர்களின் கூச்சல் அறைவரை கேட்கும். அவளோடு கதைக்கத்தான் ஒருவருமில்லை. தினமும் ஏழாவதைப் புரட்டினாள். அவன் குரல் வேண்டும்போலிருந்தது, வேறொன்றும் வேண்டாம்.

அந்தப் புத்தகங்கள் அரபுக் கித்தாபைப் போல வலமிருந்து இடமாக வாசிப்பவை. கதவுச் சீலைக்கு அப்பால் கதிரையில் இருந்த மாமி நஃபீஸாவுக்கு, வெள்ளை உடுத்த மருமகள் அதே விதமாகத் தாள் புரட்டுவது மட்டும்தான் தெரிந்தது. மார்க்கக் கித்தாபு ஓதுகிறாள் என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். முஃப்லிஹாவும் திருத்தப் போகவில்லை.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலில் அமர்ந்தார்.

“கொஞ்சம் சத்தமா ஓதுங்க மகள். எனக்கும் கேக்கட்டும். அந்த நன்ம என்ட புள்ளக்கிச் சேரட்டும்.”

யாஸீன் சூரா அவளுக்கு மனப்பாடம்தான். ஓதிச் சமாளித்திருக்கலாம். மனம் வரவில்லை.

“இது கித்தாபு இல்ல மாமி. கதப் புத்தகம். அவர்தான் வாசிச்சுச் சொல்லுவார்.”

நஃபீஸா புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

“பள்ளிக்கூடத்துல ஒரு புத்தகம் தொடமாட்டானே அவன்” என்றார். பிறகு, “இதையும் வாசிச்சானா?”

“மத்ததெல்லாம் வாசிச்சார். இது மிச்சம்.”

“அப்ப மிச்சத்த நீங்க வாசிங்க.”

முஃப்லிஹா முதல் பக்கத்தை விரித்தாள்.

“மழ பெய்யிது மாமி. அவ உள்ளுக்கு இருக்கிறா. அவர் வெளிய வந்து இருக்கிறார். அவவப் பாத்து என்னமோ சொல்றார்.”

“என்ன சொல்றான்?”

படத்தில் அந்த உத்தியோகத்தனின் வாயருகே ஒரு வட்டம். அதற்குள் மேலிருந்து கீழாக மூன்று வரிகள். முஃப்லிஹா வாசிக்கத் தெரியாத அவற்றின் மேல் விரலை வைத்து, ஹுனைஸ் புளுகும் விதத்தை நினைத்துக்கொண்டாள். மாமி இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து இருந்தார்.