முனகி

துணியைப் பிரித்து மேசைமேல் வைத்ததும் அந்தப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. நான்கு கால்களில் மூன்றுக்குத்தான் ரப்பர் இருந்தது, நான்காவது வெறும் மரக்குச்சி. மேல்பலகையில் உலோக நாக்குகள் வரிசையாக ஒரு கம்பிக்கு அடியில் இறுக்கப்பட்டிருந்தன. கட்டைவிரலால் தட்டி வாசிக்கிற கலிம்பா. அதன் வயிற்றுக்குள் திருகுகளும் ஒயர்களுமாக, மின்சாரத்தில் ஸ்வரம் எழுப்பும் ஒரு சிந்தசைசர். இரண்டையும் ஒரே உடம்பில் குடிவைக்க எந்த மனுஷனுக்குத் தோன்றியதோ என்று காதண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீபோர்டும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். இப்படியொன்றை அவர் பார்த்ததில்லை.

"லைட் எரிய மாட்டேங்குது. அதை மட்டும் பாத்துக் குடுங்க," என்றாள் கொண்டுவந்த பெண். ரெண்டு தெரு தள்ளி கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். "அண்ணன் செஞ்சது. முனகின்னு பேரு வச்சிருந்தாரு. இந்தப் பல்லெல்லாம்கூட என்கிட்ட தேஞ்சுபோன கருவிங்கதான். தூக்கிப்போட விடமாட்டாரு. தட்டித் தட்டி இப்படி ஆக்கிட்டாரு."

அவருக்கு நாக்காகத் தெரிந்தது அவளுக்குப் பல்லாகத் தெரிந்தது. தொழில் அப்படி.

"அண்ணன் இப்ப எங்க..."

"இல்ல," என்றாள் அவள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

காதண்ணன் என்பது கச்சேரிக்காரப் பையன்கள் வைத்த பெயர். அவர் காது அப்படி. அடுக்குமாடியின் லிஃப்ட் மணி சுருதி இறங்கிவிட்டது என்று சங்கத்துக்கு மனு கொடுத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். குக்கர் விசில் பிடிக்காமல் மூன்று முறை மாற்றியிருக்கிறார். கல்யாண வீட்டில் பாட்டுக்காரர் கொஞ்சம் பிசகினால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய்விடுவார். "என் குறட்டை ஒண்ணுதான் பாக்கி. அதுக்கும் ஒருநாள் ஸ்க்ரூ டிரைவரோட வருவாரு பாருங்க," என்று அவர் மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். தப்பாக ஒலிப்பதைத் தப்பு என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. நல்லெண்ணத்தில்தான் சொல்வார். நல்லெண்ணத்துக்காக யார்தான் நன்றி சொல்லியிருக்கிறார்கள்?

பெட்டியில் பெரிய கோளாறு ஒன்றுமில்லை. மின்சாரம் நுழையும் சாக்கெட் விட்டுப் போயிருந்தது. சால்டர் வைத்து ஒட்டினார், சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு நாக்கைத் தட்டினார். முதலில் தண்ணீர் சொட்டு விழுந்ததுபோல ஒரு சின்ன ஒலி. பலகைக்கு அடியில் ஒட்டியிருந்த பிக்கப் அந்த நடுக்கத்தைப் பிடித்து உள்ளே கொடுக்க, சிந்தசைசர் அதன் வாலைப் பற்றிக்கொண்டு எழுந்தது. யாரோ உதடுகளை மூடிக்கொண்டு பாடுவதுபோல ஒரு நீண்ட ஸ்வரம். ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் அடங்கிவிட்டது. எத்தனை முறை தட்டினாலும் அதே அளவுதான், ஒரு மூச்சு. சர்க்யூட்டை அப்படித்தான் கட்டியிருந்தார் அந்த அண்ணன். சுத்தமான கை வேலை. காதண்ணனுக்கு அந்த முகம் தெரியாத மனிதர்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஆனால் இடமிருந்து நாலாவது நாக்கு. அது மட்டும் ஒரு மயிரிழை இறங்கி நின்றது. சோற்றில் கல் நெருடியதுபோல அவருக்குக் கூசியது. மற்றதையெல்லாம் இவ்வளவு சுத்தமாகச் சேர்த்தவர் இதை எப்படி விட்டார்? கடைசிக் காலத்தில் காது மந்தமாகியிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டார். கம்பியைத் தளர்த்தி, நாக்கை நகக்கண் அளவு உள்ளே தள்ளி, இறுக்கினார். சுருதி சேர்ந்தது. கையோடு கையாக மொட்டைக் காலுக்கும் ஒரு ரப்பரை ஒட்டினார். பெட்டி ஆடாமல் நின்றது.

"ஒரு நாக்கு இறங்கி இருந்துச்சு, ஏத்திட்டேன். காலுக்கு ரப்பரும் போட்டிருக்கேன். அதுக்கெல்லாம் காசு வேணாம்," என்று பெருமையாகச் சொல்லித்தான் கொடுத்தார். அவள் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தாள். குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளாலும் அணைத்து எடுத்துப் போனாள்.

அன்றிலிருந்து அந்த இறங்கிய சுருதி அவர் காதைவிட்டுப் போகவில்லை. திருத்திவிட்டால் தப்பு மறந்துபோகும், அதுதான் வழக்கம். இது போகவில்லை. பல் தேய்க்கும்போது வந்தது, கடை ஷட்டரைத் தூக்கும்போது வந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையை நிறுத்திவிட்டு எதையோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னங்க, யாரு கூப்பிடுறா?" என்றாள் மனைவி. யாருமில்லை என்றார். சொல்லும்போதே முதுகில் ஏதோ ஊர்ந்தது.

சில நாள் கழித்து டாக்டர் மறுபடி வந்தாள், பெட்டி இல்லாமல். வாசலிலேயே நின்றாள்.

"லைட் எரியுது. ஆனா வரல."

"என்ன வரல?"

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "வீட்டுக்கு வந்து பாக்க முடியுமா? மத்தியானம் வாங்க, அப்ப கூட்டம் இருக்காது," என்றாள்.

கீழே கிளினிக், மேலே வீடு. மாடிப்படிக்கு அடியில் ஒரு அலமாரிக் கதவு, அதற்குள் பல் துளைக்கும் கருவிக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர். மேலே அண்ணனின் அறை. மரப்பலகைத் தரை. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகப்பட்டிருந்தது. சக்கர நாற்காலி மடித்துச் சுவரோரம் சாத்தியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்திருப்பவர் கையை நீட்டினால் தொடுகிற இடத்தில், தரையில் முனகி. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆள் இருக்கும் அறைபோலத்தான் இருந்தது. காதண்ணன் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே வந்திருந்தார்.

அவள் கட்டிலில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான் சொல்றதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க டாக்டர்."

"கடைசியில அண்ணனால கீழ இறங்கவே முடியல. இங்கயேதான். நான் கீழ வேலை பாக்குறப்போ இது மேல முனகும். சரி, வாசிக்கிறாருன்னு நெனச்சுக்குவேன். அது கேக்குற வரைக்கும் எனக்கு நிம்மதி. ஒரு நாளும் நடுவுல ஓடி வந்து பாத்ததில்ல." அவள் மடித்து வைத்திருந்த சக்கர நாற்காலியைப் பார்த்தாள். "அன்னைக்கும் கேட்டுச்சு. சாயங்காலம் வரைக்கும் விட்டு விட்டுக் கேட்டுச்சு. அதனாலதான் நான் அவசரப்படல. கடைசி ஆளையும் அனுப்பிட்டு, டீ போட்டு எடுத்துட்டு வந்தேன். உடம்பு சில்லுன்னு கிடந்துச்சு. பாக்க வந்த டாக்டர் மத்தியானமே போயிருக்கணும்னாரு. உடம்பு பொய் சொல்லாது, எனக்கும் தெரியும். ஆனா காதும் பொய் சொல்லாதுல்ல? உங்களுக்குத் தெரியாததா?"

காதண்ணன் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது அவருக்கே தெரியவில்லை.

"அப்புறமும் வந்துச்சுங்க. அவரு போனதுக்கு அப்புறம். நான் கீழ வேலையில இருக்கறப்போ மட்டும் வரும். கையைக் கழுவிட்டு மேல வந்தா நின்னுடும். யார்கிட்டயும் சொல்லல. பல் டாக்டருக்கு மூளை கழண்டு போச்சுன்னு ஊரே பேசும். லைட் அணைஞ்சப்போ நின்னுச்சு, அதான் உங்ககிட்ட கொண்டு வந்தேன். இப்ப லைட் எரியுது, அவரைக் காணோம்."

கீழே அழைப்பு மணி அடித்தது. ஆள் வந்துவிட்டது. "நீங்க பாருங்க," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

அவர் பெட்டியைத் தூக்கினார். அது நின்ற இடத்தில் பலகையில் மூன்று கறுப்பு வட்டங்கள் இருந்தன, ரப்பர் பட்ட தடம். நாலாவது மூலையில் ஒரு சின்னக் குழி. மரக்குச்சி நெடுநாள் ஊன்றி அழுத்திய குழி. ரப்பர் எங்கேயும் விழுந்து தொலையவில்லை. அந்தக் காலுக்கு முதலிலிருந்தே ரப்பர் கிடையாது.

கீழே பல் துளைக்கும் கருவி கீச்சிட்டது, நின்றது, மறுபடி கீச்சிட்டது. தொட்டியில் காற்று குறைந்ததும் அலமாரிக்குள் கம்ப்ரசர் உறுமிக்கொண்டு எழுந்தது. பலகை வழியாக அந்த உறுமல் காதண்ணனின் வெறுங்காலில் ஏறியது. இத்தனை நாளாகத் தட்டின் முன்னாலும் ஷட்டர் வாசலிலும் அவரைத் துரத்திய அதே சுருதி, மயிரிழை இறங்கி, ஓடிக்கொண்டிருந்தது.

காது மந்தமாவது, ஒன்றாவது. தன்னைவிட நல்ல காது அந்த அண்ணனுக்கு. கீழே தங்கை வேலை செய்தால் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால் தரை நடுங்கும், தரை நடுங்கினால் மொட்டைக் கால் அதை வாங்கி அந்த ஒரு நாக்கிடம் கொடுக்கும். விரல் படாமலே முனகி பாடும். எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர் தங்கை கீழே இருக்கிறாள் என்பதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கக் கண்டுபிடித்த வழி அது. அவள் அவருக்குக் காவல் என்று நினைத்துக் கீழே கேட்டுக்கொண்டிருந்தாள். அவரோ அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாவி மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த நினைப்பு வந்தபோது காதண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு கேட்டதெல்லாம் மோட்டார்தான். இந்த அறையில் கேட்பதற்கு யாருமில்லாமல் அது பாடியிருக்கிறது. கீழே அவள் ஆறுதலாக அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். கம்ப்ரசர். வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்தார்? லிஃப்ட் மணியிலிருந்து கல்யாணப் பாட்டுவரை, பிசகு எங்கே இருந்தாலும் கேட்காமலே போய்ச் சொன்னார். சொல்லாமல் போனால் அவர் தூக்கம் கெடும். சொல்லிவிட்டால் அவள் தூக்கம் போகும், இருக்கிற காலம் முழுக்க. மோட்டார் நிற்கும்வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் அசையாமல் இருந்தார்.

பிறகு ரப்பரைப் பிய்த்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கம்பியைத் தளர்த்தினார். மொட்டைக் காலைக் குழியில் பொருத்திப் பெட்டியை வைத்துவிட்டு, தரையில் குனிந்து உட்கார்ந்து காத்திருந்தார். கீழே கருவி கீச்சிட்டது. யாரோ வாய் கொப்பளித்தார்கள். மறுபடி கம்ப்ரசர் எழுந்தது.

நாக்கை வெளியே இழுத்தார், ஒரு துளி. இன்னும் ஒரு துளி. சுத்தமாக இருந்த ஒன்றைத் தெரிந்தே தப்பாக்குவது அவருக்கு இதுதான் முதல் முறை. ஓரிடத்தில் நாக்கு தானாகச் சிலிர்த்தது. கம்பியை இறுக்கிக் கையை எடுத்தார். சொட்டு ஒலி இல்லாமல், எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாமல், அந்த மூடிய வாய்ப் பாட்டு அறைக்குள் எழுந்தது. கடையில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த அறைக்கென்று செய்த குரல்தான் அது.

கீழே கருவி சட்டென்று நின்றது. ஏதோ தட்டில் விழுந்தது. படியில் ஓடிவரும் காலடி கேட்டது.

முகக்கவசம் கழுத்துக்கு இறங்கியிருக்க, கையுறை போட்ட கைகளை எதன்மேலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி அவள் வாசலில் நின்றாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்களா வாசிக்கிறீங்க?"

காதண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இல்லங்க. நான் தொடல."

உண்மைதான். அப்படி ஒரு உண்மையைச் சொன்னதற்கு அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

"எப்பவும் நான் வந்தா நின்னுடும்," என்றாள் அவள், ரகசியம்போல.

கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் அவளுக்குக் கேட்டே வருஷக்கணக்காகியிருக்கும், சொந்த மூச்சு யாருக்குக் கேட்கிறது? ஆனால் தொட்டி நிறையப் போகிறது. நிறைந்ததும் மோட்டார் நிற்கும், அதோடு பாட்டும் நிற்கும். இரண்டும் சேர்ந்து நிற்பதை இங்கே நின்று கேட்டால் அவளுக்குப் புரியாமல் போகாது. எதையாவது சத்தமாகப் பேசவேண்டும் என்று அவர் தவித்தார்.

டக் என்று கம்ப்ரசர் நின்றது. வீட்டில் மற்ற சத்தமெல்லாம் அடங்கியது. காதண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்தார். ஒரு மூச்சு, அவ்வளவுதான் அதன் வால், அவரே தட்டித் தட்டிப் பார்த்தது. மெல்ல விட்டார். பாட்டு இருந்தது. இன்னொரு மூச்சை இழுத்தார். மெலிந்துகொண்டே போனாலும் அது இருந்தது, சுருதி ஒரு துளி பிசகாமல்.

அவர் குனிந்து பார்த்தார். நாலாவது நாக்கின் நுனி அதிர்ந்து, தெளிவில்லாமல் கலங்கித் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், அவர் ஒருபோதும் கைவைக்காத ஐந்தாவதின் நுனியும் மெதுவாகக் கலங்கத் தொடங்கியது.

"டாக்டர்?" என்று கீழே நாற்காலியில் இருந்த நோயாளி வாயைத் திறந்தபடியே கூப்பிட்டார். இரண்டு பேரும் திரும்பவில்லை.