வெல்லம் திருடியது இரண்டு தடவை

ராயப்பன் மதுரை ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தார். எந்தக் காகிதமானாலும் கடைசி வரி வரையில் படித்த பின்னரே கையொப்பமிடுவார். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைக்கூட விடமாட்டார். ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசைக்குச் செல்வார். பிரசங்கம் தொடங்கியதும் கண்களை மூடிக்கொள்வார். தியானமா, உறக்கமா என்று மனைவி சவரியாயி பல முறை கேட்டும் விடை கிடைத்ததில்லை.

1936ஆம் ஆண்டில் அவர்களுடைய ஒரே மகள் அருளாயிக்கு எட்டு வயது நிரம்பிற்று. அது புதுநன்மை வாங்கும் பருவம். பிள்ளை முதன்முதலாகக் குருவிடம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்து, மறுநாள் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கவேண்டும். அதற்காகக் கோயிலில் வேதம் கற்பிக்கும் உபதேசியார் மிக்கேலிடம் மூன்று மாதம் ஜெபமும் மந்திரமும் படித்தாள். சனிக்கிழமை காலையில் பாவசங்கீர்த்தனமும் முடிந்தது. வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று. அவனியாபுரத்து உறவினருக்குச் சொல்லியாயிற்று. பிள்ளையோ மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

"வயிறு வலிக்குதா தாயி?"

"இல்லப்பா. நான் நரகத்துக்குப் போகப் போறேன்."

சிரிக்க வாயெடுத்த ராயப்பன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கேட்கக் கேட்க விஷயம் வெளிவந்தது. பாவம் இன்னது, இத்தனை தடவை என்று எண்ணிச் சொல்லவேண்டும் என்பது விதி. தனக்கு ஒன்றும் நினைவில்லை என்று அவள் வகுப்பில் கூறியபோது, அது அகங்காரம் என்று உபதேசியார் முழங்காலில் நிறுத்தினார். ஆகவே குருவிடம், வெல்லம் திருடியது இரண்டு தடவை என்று சொல்லிவிட்டாள். அவள் திருடவே இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொல்லிவிட்டு நற்கருணை வாங்குவது தேவதுரோகம், அதற்கு நரகம். இதையும் உபதேசியாரே கற்பித்திருந்தார்.

"ஏன் ரெண்டு தடவை?"

"ஒரு தடவைன்னா சாமியார் நம்ப மாட்டாருன்னு நெனச்சேன்."

ராயப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குச் சென்றார். உபதேசியார் மறுநாளுக்கான மெழுகுவர்த்திகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி! நாளைக்கு விருந்து பலமா?"

ராயப்பன் நடந்ததைக் கூறினார்.

"அம்புட்டுத்தானா! சாயங்காலம் திரும்பக் கூட்டியாங்க, பொய் சொன்னேன்னு சொல்லட்டும். பாவமே இல்லைன்னு நின்ன பிள்ளைக்கு இப்ப உள்ளபடியே ஒண்ணு கெடச்சிருச்சில்ல!"

"அண்ணே, ஒங்க வகுப்புக்கு வர்ற வரைக்கும் அது பொய் சொன்னதில்ல."

"பயமில்லாம வளர்ற பிள்ளை உருப்படுமா? நீங்களும் நானும் இப்பிடித்தான வளந்தோம்."

அது மெய்தான் என்று திரும்பும் வழியில் ராயப்பன் எண்ணினார். வேலை மிகுதியால் எப்போதேனும் ஒரு ஞாயிறு பூசை தவறி, அந்த வாரத்திலேயே மகளுக்குக் காய்ச்சல் கண்டால், இரண்டையும் முடிச்சுப் போட்டு அஞ்சுகின்ற மனம் நாற்பது வயதிலும் அவரை விட்டு நீங்கவில்லை. எவரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

வீட்டில் சவரியாயி வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார்.

"நாளைக்கு அவ நன்மை வாங்கல. மந்திர வகுப்புக்கும் இனிமே அனுப்பல. வளந்தப்புறம் வேணுமா வேண்டாமான்னு அவளே சொல்லட்டும்."

"வர்ற சனத்துக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?"

"சோறு போடு. கேட்டா, நாந்தேன் வேண்டாம்னேன்னு சொல்லு."