கணவரின் ஆண்டு வருமானம்

சிங்கப்பூரிலிருந்து மனைவி அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினித் திரையில் அவளுடைய வரிப் படிவம். அதில் 'கணவரின் ஆண்டு வருமானம்' என்ற கட்டம் மட்டும் காலி. என் கண் என்னவோ படத்தின் ஓரத்திலேயே நின்றது. மவுஸைப் பிடித்திருந்தது ஓர் ஆண் கை. மணிக்கட்டில் தடித்த கறுப்புக் கடிகாரம்.

வெள்ளகோவிலில் எங்கள் ஆறு தறிகளும் ஒவ்வொன்றாக நின்றுபோன பிறகுதான் சண்முகப்பிரியா அங்கே ஆய்வக வேலைக்குப் போனாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்ததும் திரும்பிவிடுவதாகப் பேச்சு. இரண்டு வருடமாகிவிட்டது.

போன் அடித்தது.

“ஏனுங்க, படம் பாத்தீங்களா? உங்க வருமானம் கம்மியா இருந்தா எனக்கு வரியில கொஞ்சம் கழிப்பாங்களாம். மிதுன் சார்தான் எழுதித் தாராரு.”

ரூம் பிடித்துக் கொடுத்தது ஆய்வகத்தில் அவளோடு வேலை செய்யும் இந்த மிதுன் சார். காய்ச்சலில் கஞ்சி வாங்கி வந்தது மிதுன் சார். இப்போது அவள் புருசன் எவ்வளவு குறைவாகச் சம்பாதிக்கிறான் என்று எழுதுவதற்கும் அவன்தான்.

“ரெண்டு லட்சம்னு போட்டுக்கட்டுங்களா சார்?” என்றது ஆண் குரல். மரியாதையாகத்தான் கேட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உண்மையில் இரண்டைக்கூடத் தொடாது.

“ஒம்பது லட்சம் போடுங்க,” என்றேன்.

“அப்பக் கழிவு கெடைக்காதுங்களே சார்.”

“கெடைக்காட்டிப் போகுதுங்க. எம் பொண்டாட்டியப் பாத்துக்க எனக்குத் தெரியும்.”

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தும் ஒலி. பிறகு அவள் மட்டும் பேசினாள்.

“நெசமாலுமாங்க? தறி ஓடுதுங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே. அடுத்த மாசம் காண்ட்ராக்ட் முடியுதுங்க. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க. நா போடலீங்க. ஊட்டுக்கே வந்தர்றனுங்க.”

இதைக் கேட்கத்தான் இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அந்தக் கடிகாரக் கைதான் பேனாவை எடுத்துக் கொடுக்கும்.

“ஏனுங்க, தறிச் சத்தமே கேக்கலீங்களே?”

“இப்பத்தான் நிறுத்திப்போட்டு வந்தேன். இரு கண்ணு.”

தறிக்கூடத்துக்குள் போய்த் தூசியை ஊதிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். பாவு நூல் ஏற்றாத தறி தடதடவென்று ஓடியது. போனை அதன் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓர் இழை நூல்கூட இல்லாமல், ஊடை நூலைக் கொண்டுபோக வேண்டிய நாடாக்கட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது.