மூன்று மணி நேரப் பற்றரி

லப்டொப் பற்றரியை எப்படிப் பேணுவது என்று 2008ஆம் ஆண்டில் என்னிடம் யாராவது வாய்தவறிக் கேட்டிருந்தால் தொலைந்தார்கள். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே வை. வேண்டாத நேரத்தில் வயர்லெஸ்ஸை நிறுத்து. வெயில் பட விடாதே. நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதே. கேட்டவர் கொட்டாவி விட்டாலும் நான் விடமாட்டேன். "உந்தப் பற்றரியைப் பார்க்கிற மாதிரி என்னை ஒருநாள் பார்த்திருப்பியளோ" என்பாள் என் மனைவி கமலாதேவி.

எனக்கு அது பொழுதுபோக்கு இல்லை. நான் பதுளையில் கணித ஆசிரிய ஆலோசகர். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருக்கிறது. மொனராகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் பயிற்சி நடத்தக் கிழமைக்கு ஒருதரம் லப்டொப்புடன் பஸ் ஏற வேண்டும். சண்டை உச்சத்தில் இருந்த காலம். வழியில் சோதனைச் சாவடி. பையில் இருப்பது குண்டு அல்ல, லப்டொப்தான் என்று காட்ட அதை அங்கேயே இயக்கிக் காட்ட வேண்டும்.

பழைய பற்றரி பன்னிரண்டு நிமிடம் தாங்கும். அது போதுமாக இருந்தது. திரை எரியும், சிப்பாய் தலையாட்டுவார், நான் மூடிவிடுவேன். ஒருநாள் அது எரியவே இல்லை. ஒரு மர வாங்கில் நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பஸ் போய்விட்டது. யாரும் என்மேல் கை வைக்கவில்லை, யாரும் என்னோடு பேசவும் இல்லை. இதை நான் கமலாவிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாளே பலீலின் கடைக்குப் போனேன். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் போனும் கணினியும் திருத்துகிறவர். கொழும்பிலிருந்து புதுப் பற்றரி எடுத்துத் தந்து, "ஒழுங்கா பாவிச்சா மூணு மணித்தியாலம் நிக்கும் சேர்" என்றார். அவர் சொன்ன விதிகளோடு என் விதிகளையும் சேர்த்துக்கொண்டேன். மூன்று மணியும் பத்து நிமிடமும் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த லப்டொப்புக்குள் ஒரு படமும் இருந்தது. அதுதான் வில்லங்கம்.

என் அக்கா வதனி, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் இருந்தாள். பல மாதமாகத் தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. தொண்டு நிறுவனமொன்றில் வேலை பார்த்த நண்பன் நிருபன் செப்டெம்பரில் அங்கிருந்து வெளியேறி வந்தபோது, அவளை எடுத்த படமொன்றை என் லப்டொப்பில் போட்டுவிட்டு, கமெராவில் இருந்ததை என் கண்முன்னேயே அழித்தான். அவனுக்கும் பயம். பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பதுங்குகுழி வாசலில் அக்கா நிற்கிறாள். மெலிந்துபோயிருக்கிறாள், ஆனாலும் சிரிக்கிறாள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டு அல்பங்கள் எல்லாம் போன பிறகு, அவள் முகம் என்று எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"அதை ஒரு சீடியில ஏத்தி வீட்டில வையுங்கோவன்" என்றாள் கமலா.

"வீட்டைச் சோதிக்க வந்தா நீர்தானே பதில் சொல்லவேணும்?"

ஸ்ரூடியோவில் கொடுத்துப் பிரதி எடுக்கவும் துணிவு வரவில்லை. அதனால் 'எட்டாம் ஆண்டு வடிவியல்' என்ற கோப்புறைக்குள் போட்டு வைத்தேன். வடிவியலை யார் ஆசைப்பட்டுத் திறக்கப்போகிறார்கள்? இருபத்தைந்து வருடம் படிப்பித்தவன் சொல்கிறேன், ஒருவரும் திறப்பதில்லை.

நவம்பரில் ஒரு புதன்கிழமை. நல்ல மழை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் பூவம்மா என்ற பெண் பசறையில் ஏறி உட்கார்ந்தாள். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், மொனராகலையில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறாள். வழிநெடுக மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். சாவடியில் எங்களுக்கு முன்னால் ஒரு லொறியின் சாமான்களை இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்த எல்லோரையும் இறக்கினார்கள்.

தகரக் கூரைக்குக் கீழே மேசையில் லப்டொப்பை வைத்து இயக்கினேன். திரை எரிந்தது. சிப்பாய்க்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவன் வழக்கம்போலத் தலையாட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எவ்வளவு நேரம் நிற்கும், சேர்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"மூன்று மணி நேரம்" என்றேன். அந்த நேரத்திலும் அதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது.

"அப்படியானால் அவசரமில்லை. லொறி முடிய நேரமெடுக்கும்."

பாட்டு இருக்கிறதா என்று தேடினான். சீட்டு விளையாடினான். பயிற்சி வகுப்புப் படங்களைப் பார்த்தான். திரையின் மூலையில் எண்பத்தொரு சதவீதம் என்று இருந்தது. பழைய பற்றரி என்றால் இந்நேரம் திரை அணைந்திருக்கும், அவனும் சிரித்துவிட்டுப் போகச் சொல்லியிருப்பான். அணைந்து போ, அணைந்து போ என்று மனதுக்குள் கெஞ்சினேன். எழுபத்தொன்பது.

"நீங்கள் என்ன படிப்பிக்கிறீர்கள்?"

"கணிதம்."

அவன் முகம் மலர்ந்தது. "ஓ.எல். பரீட்சையில் எனக்கு அதுதான் போனது, சேர். டிசம்பரில் திரும்ப எழுதுகிறேன். வட்டம் வந்தால் ஒன்றுமே விளங்குவதில்லை. இதில் வட்டம் இருக்கிறதா?"

"எல்லாம் தமிழில்தான் இருக்கிறது."

"வட்டம் எல்லா மொழியிலும் வட்டம்தானே" என்றவன் கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். முக்கோணங்கள் வந்தன. வட்டங்கள் வந்தன. அவற்றுக்கு நடுவில் அக்கா வந்தாள்.

படத்தைப் பெரிதாக்கினான். மண்மூட்டைகளைப் பார்த்தான். லொறிக்கருகே நின்ற அதிகாரியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார் இது, சேர்?" என்றான்.

"தெரியாது. யாரோ அனுப்பியது."

என் நாக்கு எங்கும் தடக்கவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பது போல வந்தது.

"தெரியாதவர் என்றால் எதற்கு வைத்திருக்கிறீர்கள்? வேறு யாராவது கண்டால் உங்களுக்குத்தான் கரைச்சல். அழித்துவிடுங்கள்."

அவன் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தான். அவனைக் கோபிக்க இன்றுவரை எனக்கு வழியில்லை. நான் அழுத்தினேன். உறுதியாகவா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அழித்தவை போய் விழும் குப்பைக்கூடைக்குள் படம் இருக்கும், இரவே மீட்டுவிடலாம் என்று கொஞ்சம் மூச்சு வந்தது. அவன் விஷயம் தெரிந்தவன். "இதற்குள்ளிருந்தும் எடுப்பார்கள்" என்று சொல்லி, கையை நீட்டிக் கூடையையும் காலியாக்கினான்.

பிறகு வட்டத்தைக் கேட்டான். நான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு கடதாசியில் கீறி, மையக் கோணம் பரிதிக் கோணத்தைப் போல இருமடங்கு என்று காட்டினேன். இரண்டாம் தடவையில் விளங்கிக்கொண்டான். எழுந்து நின்று நன்றி சொன்னான்.

பஸ் புறப்பட்டது. பூவம்மா நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "ஏங்க ஐயா, அம்புட்டு நேரமா என்னத்தப் பாத்தாங்க?"

"ஒரு படம் அம்மா."

"யாரு படமுங்க?"

சிப்பாயிடம் இருந்ததுபோல அவள் கையில் துவக்கு இல்லை. மகளைப் பற்றி வழிநெடுக என்னோடு பேசிக்கொண்டு வந்த மனுசி.

"யாரோ ஒரு பொம்பிளை. எனக்குத் தெரியாது" என்றேன்.