வேலிக்குள் வந்த வெள்ளாடுகள்

மானகிரியை ஒட்டிய சிறிய காப்புக்காட்டுக்கு வேலி போட வைத்தவள் வனவர் சத்தியப்பிரியாதான். கறுப்பு இறக்கையும் சிவந்த உடலுமாய் அங்கே பறக்கும் பட்டாம்பூச்சி, சட்டம் பாதுகாக்கும் இனம். ஆடுதீண்டாப்பாளைக் கொடியை விட்டால் அதன் புழுவுக்கு வேறு தீனி கிடையாது. மேய்ச்சல் காட்டை அழிக்கிறது என்று சொல்லி, அங்கே ஆடு மேய்த்துவந்த சிட்டாளின் வெள்ளாடுகளை விரட்டியவளும் அவளே.

இரண்டாம் வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு, வேலிக்குள் ஒரு பட்டாம்பூச்சியைப் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. புல் இடுப்பளவு மண்டிக் கிடந்தது. விலக்கிப் பார்த்தால் வெயில் படாமல் வெளுத்த கொடி. ஆள் விட்டு அறுக்கச் சொன்னாள். புல்லோடு கொடியும் போனது. வேலிக்கு வெளியே, சிட்டாளின் ஆடுகள் மேயும் பொட்டலில், அதே கொடி பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தது. இலைக்கு அடியில் கொழுத்த புழுக்கள். சுற்றிலும் இருந்த புல்லைக் கரும்பிவிட்டு, கசக்கும் கொடியை மட்டும் ஆடுகள் விட்டுவைத்திருந்தன. கொடியின் பேரிலேயே இருக்கிற சங்கதி! அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதும் அந்த நிமிஷமே தெளிவாகிவிட்டது.

“காப்புக்காட்டுக்குள்ள ஆடா? மேல கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார் ரேஞ்சர் தண்டாயுதபாணி.

“ஒரு மூலையில மட்டும் விட்டுப் பாப்போம் சார். மொதல்ல ஒரு தடவை வந்து பாத்துட்டு, அப்புறம் வேணாம்னு சொல்லுங்க.”

அவர் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார். மேலதிகாரியிடம் பேசிச் சோதனைக்கு அனுமதியும் வாங்கித் தந்தார்.

சிட்டாள்தான் மசியவில்லை. “டீக்கடையில அத்தனை பேரு முன்னாடி, ஒங்க ஆட்டாலதான் காடு அழியுதுன்னீக. இப்ப அதே ஆடு வேணுமாக்கும்?”

“தப்பு என்னோடதுதான்க்கா.”

“எங்கிட்ட வந்து குசுகுசுன்னு சொன்னா? அன்னைக்குச் சொன்ன எடத்துல சொல்லுங்க.”

மறுநாள் காலையில் டீக்கடையில் கூட்டம் சேரும் நேரமாகப் பார்த்துப் போனாள் சத்தியப்பிரியா. “சிட்டாக்கா ஆடு காட்டை அழிக்கல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“அப்ப எங்க மாட்டையும் பத்தி விடலாமா மேடம்?” என்றான் மலையாண்டி.

“மாடு கொடிய மிதிச்சுப்புடும். ஆடு மட்டும்தான். அதுவும் சிட்டாக்கா கூட இருந்தாத்தான்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிட்டாள் முந்தானையை உதறி எழுந்தாள். “வாங்க, எந்த மூலைன்னு காட்டுங்க.”

உள்ளே போன ஆடுகள் முதலில் பாய்ந்தது வனத்துறை நட்ட கன்றுகள்மேல். இருவருமாகக் கன்றுகளைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார்கள். அதன் பிறகு ஆடுகள் புல்லில் வாய் வைத்தன. கொடிக்கு வெயில் கிடைத்தது, துளிர்த்தது. தை மாதம் அந்த மூலையில் இலைக்கு இலை புழு. பங்குனிக்குள் பட்டாம்பூச்சிகள் சிட்டாளின் தலைக்கு மேலேயே பறந்தன.

பார்க்க வந்த ரேஞ்சர் கேட்டார், “கண்டனூர்ப் பக்கம் இருக்கிற காட்டுக்கும் ஆடு கெடைக்குமா?”

“அங்குட்டு ஆடு வச்சிருக்கது எங்க மச்சான்” என்றாள் சிட்டாள். “அவுகளையும் நீங்க வெரட்டித்தான விட்டீக? என்னைய மாதிரி லேசுல எறங்கி வரமாட்டாக.”

“இருக்கட்டும்க்கா, பேசிக்கலாம்” என்று சத்தியப்பிரியா வண்டிச் சாவியை எடுத்தாள். “அந்த ஊர் டீக்கடை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”