வேப்பந்தழை கட்டிய ஊர்

வேலாங்காட்டுப்புதூர்க்காரர்களிடம் உங்கள் ஊர் எப்படி வந்தது என்று கேட்டால், சண்டையில் வந்தது என்பார்கள். யாரோடு யாருக்குச் சண்டை என்று கேட்டால் சிரிப்பார்கள். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது, கோயமுத்தூருக்குக் கிழக்கே விமானம் இறங்க ஓர் இடம் வேண்டும் என்று வெள்ளைக்காரச் சர்க்கார் பழைய வேலாங்காட்டை எடுத்துக்கொண்டது. வெளியேறியவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் கட்டிக்கொண்டதுதான் புதூர். சண்டை முடிகிறவரைக்கும்தான் என்றது சட்டம். சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் கப்பல் ஏறினான், கொடி மாறியது. வேலி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. சீனாக்காரன் வந்தபோது அது களத்துமேட்டைத் தாண்டி வந்தது. பாகிஸ்தான் சண்டையில் ஊர்க்கிணறு உள்ளே போனது. ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு சட்டம், ஒவ்வொரு சட்டத்துக்கும் கொஞ்சம் காடு. நாட்டின் சரித்திரத்தை மற்ற ஊர்ப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்தார்கள் என்றால் புதூர்ப் பிள்ளைகள் வரப்பில் நின்று பார்த்தார்கள்.

இந்த முறை சண்டை வருவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். பீரங்கிக்கு உதிரிபாகம் செய்யத் தொழிற்பூங்காவாம். பூவே பூக்காத பூங்கா. ஊர் வழக்குப் போட்டுப் பார்த்தது, கலெக்டர் ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்து பார்த்தது, கடைசியில் கதவு நிலைகளைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் போனது. பங்குனி மாதக் கடைசி நாள் உச்சிப்பொழுதுக்குள் எல்லா வீடும் காலியாக வேண்டும் என்று உத்தரவு.

ஒரே ஒரு வீடு காலியாகவில்லை. அது புவனாவின் வீடு.

புவனாவுக்குப் பிறந்த ஊர் தாராபுரம். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த ஊர் போகும், போகும் என்று கேட்டே பழகிவிட்டவள். புருஷன் கதிர்வேல் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தான். பட்டறைக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடும் பிடித்தாயிற்று. கிளம்ப வேண்டிய நேரத்தில்தான் எட்டு வயது மகள் அக்ஷயாவுக்கு அம்மை போட்டது. சின்னம்மைதான், பயமில்லை, காரில் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் கொங்குச் சீமையில் அம்மை என்பது நோய் அல்ல, வந்திருக்கும் ஆத்தா. தலைவாசலில் வேப்பந்தழை கட்டிவிட்டால் வேற்றாள் உள்ளே வரமாட்டான். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மூன்று தடவை வார்த்து முடிகிறவரை பிள்ளையை வாசப்படி தாண்ட விடமாட்டார்கள். வந்த ஆத்தாவை உள்ளே வைத்துக்கொண்டு யாராவது வீடு மாற்றுவார்களா? புவனா இதையெல்லாம் பாதி நம்புகிறவள். அதனால் மாத்திரையும் கொடுத்தாள், தழையும் கட்டினாள். இரண்டு தண்ணீர் வார்த்தாயிற்று. மூன்றாவதைக் கடைசி நாள் காலையில் வார்த்துவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு.

மாமனார் தம்பிதுரைதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தார். எழுபத்தைந்து வயதிலும் தோட்டத்தைத் தனியாக ஓட்டிய மனுஷர். பேத்திக்கு அம்மை போட்ட அன்றே கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைவாசல் தழையைப் பார்ப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்நெஞ்சக்காரர் என்று புவனா மனசுக்குள் திட்டினாள்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் நல்ல வெயில். சமையலறையில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த புவனாவுக்கு, உள்ளறையில் அக்ஷயா பேசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பிள்ளை பாயில் ஒருக்களித்துப் படுத்து மூலையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

"ஆருகூடக் கண்ணு பேசற?"

"இந்தப் புள்ளகூடம்மா. அக்கட்ட படுத்திருக்கறா பாருங்க."

மூலையில் வெறும் தரை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி குளிர்ந்துதான் இருந்தது.

"அவளுக்கு ரெண்டு தண்ணிதான் வாத்தாங்களாமா," என்றது பிள்ளை. "மூணாந் தண்ணிக்கு விடியால வாரேன்னு சொல்லிப்போட்டு எல்லாரும் போயிட்டாங்களாமா. அப்பறம் ஆருமே வல்லையாமா. நம்மூட்டுத் தழையப் பாத்துட்டு வந்தாளாமா."

புவனா நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். கதை சொல்லாதே, தூங்கு என்று அதட்டிவிட்டு வந்து பாத்திரத்தைக் கட்டினாள். கட்டிய சாக்கையே அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

விடிந்ததும் மெயின்ரோட்டுக் கடைக்குப் பால் வாங்கக் கிளம்பியவள் வீதியில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். காலி வீடுகள் இரண்டு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. கதவு இல்லை, நிலை இல்லை. ஆனால் ஒவ்வொரு வாசல் பொந்துக்கு மேலேயும் பச்சை வேப்பந்தழை கட்டியிருந்தது. பக்கத்து வீடு, எதிர்வீடு, மாரியம்மன் கோயில் திருப்பம் வரைக்கும் அத்தனை வீட்டிலும். ஒடித்த காம்பில் இன்னும் ஈரம் இருந்தது. கட்டியிருந்தது பிளாஸ்டிக் கயிறு இல்லை, கற்றாழை நார். இந்தக் காலத்தில் கற்றாழை நார் யாரிடம் இருக்கிறது? ஊரிலிருந்த வேப்பமரங்களைப் போன வாரமே ஒப்பந்தக்காரன் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டான். மிச்சம் இருப்பது அவள் வீட்டு வாசல் மரம் ஒன்றுதான். திரும்பி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கிளைகூட ஒடியவில்லை.

தம்பிதுரையிடம் சொன்னாள். பிள்ளை பேசியதையும் சேர்த்துச் சொன்னாள். கிழவர் இந்த முறை தழையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அம்மணி, புள்ளயத் தூக்கிட்டு இப்பவே போயிருங்க. தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"ஏனுங்க மாமா, என்ன இது? ஆருங்க அந்தப் புள்ள?"

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துத்தான் சொன்னார். பழைய வேலாங்காட்டைக் காலி செய்த அன்று அவரைப் பெற்ற அய்யனின் தங்கை பூவாத்தாளுக்குப் பெரியம்மை. ஒன்பது வயசுப் பிள்ளை. பொழுது சாய்வதற்குள் ஊர் காலியாக வேண்டும் என்று தமுக்கு அடித்தார்கள். இரண்டு தண்ணீர்தான் ஆகியிருந்தது. வாசப்படி தாண்டக்கூடாதே என்று, பக்கத்தில் கஞ்சியும் தண்ணீரும் வைத்துவிட்டு, தலைவாசலில் புதுத்தழை கட்டி ஆத்தாவைக் காவல் வைத்துவிட்டு, விடியற்காலம் வந்து மூன்றாம் தண்ணீர் வார்த்துத் தூக்கிக்கொள்ளலாம் என்று பெற்றவர் கிளம்பினார். அவர் திரும்பி வந்தபோது முள்கம்பி போட்டாகிவிட்டது. யுத்த காலச் சட்டம், ஒரு ஈ உள்ளே போகக்கூடாது. எல்லா வீடும் காலி என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறது என்று துப்பாக்கிக்காரன் விரட்டினான்.

"உள்ள ஆராச்சும் இருக்கறாங்களான்னு இடிக்க வந்த கூலியாளுக பாத்திருப்பாங்கல்லங்க மாமா?"

"தழை கட்டுன ஊட்டுக்குள்ள எவன் அம்மணி போவான்? வெளிய நின்னுட்டே செவுத்துல கவுறு போட்டு இழுத்துப்போட்டாங்க."

காவலுக்குக் கட்டிய தழையே அந்தப் பிள்ளைக்கு எமனாகிவிட்டது. புவனாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் பொங்கலும் கெடாவெட்டும் குறைவில்லாமல் நடந்த குடும்பத்தில் இந்தப் பேரை ஒருவரும் உச்சரித்து அவள் கேட்டதில்லை.

"சாகறப்பத்தான் எங்கய்யன் எங்கிட்டச் சொன்னாருங்க. நா ஆருகிட்டயும் சொல்லலீங்க," என்றார் தம்பிதுரை.

கதிர்வேல் வேனோடு வந்துசேர்ந்தான். புவனாவால் இனிமேல் பாதி நம்பிக்கையோடு இருக்க முடியாது. கொல்லைப்புறப் பொடக்காலியில் அக்ஷயாவுக்கு அவசர அவசரமாக மூன்றாம் தண்ணீரை வார்த்து, துவட்டி, பாவாடை சட்டை போட்டுவிட்டாள். கதிர்வேல் மகளைத் தூக்கிக்கொண்டு தலைவாசலுக்கு வந்தான்.

வாசப்படியில் அவன் கால் நின்றது. கையிலிருந்த பிள்ளையின் உடம்பு திடீரென்று அனலாகக் கொதித்தது. அதைவிட, கனத்தது. லேத் மெஷினின் இரும்புச் சக்கரத்தைத் தனியாளாகத் தூக்கி மாட்டுகிறவன், எட்டு வயதுப் பிள்ளையைத் தாங்க முடியாமல் முட்டி மடங்கி உட்கார்ந்தான். ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்ததும் சூடு இறங்கியது. மறுபடி முன்னால் வந்தான். மறுபடி கொதித்தது. பிள்ளையை வாசப்படிக்கு உள்ளேயே உட்கார வைத்தான்.

"நா வல்லீங்கப்பா," என்றது பிள்ளை. அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. "நானும் போயிட்டா அவ தனியா இருப்பா. என்ன உடமாட்டீங்கறா."

புவனா உள்ளே பார்த்தாள். உள்ளறை இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் வீதியில் மண் அள்ளும் எந்திரம் வரும் சத்தம் கேட்டது. கோயில் திருப்பத்தில் சத்தம் நின்றுபோனது. எந்திரத்தை ஓட்டி வந்த கண்ணையா சத்தியமங்கலத்துக்காரன். வீதி நெடுகத் தழையைப் பார்த்துவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"மேடம், அம்மை போட்ட ஊட்ட நா இடிக்கமாட்டனுங்க. ஊருக்கே போட்டிருக்குதுங்க."

கூட வந்த வருவாய் ஆய்வாளர் கீதாவுக்கு உச்சி வெயிலோடு கோபமும் ஏறியது. "காலி வீட்டுல யாருக்குங்க அம்மை? ஊர்க்காரங்க வேலை இது. இடத்தக் குடுக்க மனசில்லாம தழையக் கட்டி வெச்சிருக்காங்க. இன்னிக்குள்ள முடிக்கணும், மேல இருந்து போன் மேல போன்."

பேசிக்கொண்டே புவனாவின் வீட்டுக்கு வந்தவள், வாசலில் கட்டில், படியில் புருஷன் பெண்டாட்டி, அவர்களுக்குப் பின்னால் முகமெல்லாம் கொப்புளத்தோடு ஒரு பிள்ளை என்று பார்த்ததும் குரலைத் தணித்தாள். அவளும் பிள்ளை பெற்றவள்தான். பத்தடி தள்ளி நின்று, ஆபீஸ் வழக்கப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?"

தம்பிதுரை கட்டிலிலிருந்து எழுந்தார். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தாலே போதுமாக இருந்த கேள்வி அது. அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து அக்ஷயா பதில் சொன்னாள்.

"ரெண்டு பேர் இருக்கறோங்க."

கீதா புவனாவைப் பார்த்தாள். "இன்னொரு குழந்தை இருக்கா? நீங்க சொல்லவே இல்லையே."

புவனா தலையை ஆட்டினாள். இருக்கிறது என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியாது.

கிழவர் நடந்து வந்து, இத்தனை நாளும் மிதிக்காத வாசப்படிக்கு முன்னால் மண்டி போட்டார். எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முறைப்படி அத்தை, வயதுப்படி பேத்தி. இரண்டையும் சேர்த்தே கூப்பிட்டார்.

"அத்தைங்க… பூவாத்தாக் கண்ணு. உங்கய்யன் விடியால வந்தாருங்க. வேலியப் போட்டுப்போட்டாங்க, உடலீங்க. ஆரும் உங்கள மறக்கலீங்க. பயந்துக்கிட்டு ஆரும் பேரச் சொல்லலீங்க, அது எங்க தப்புத்தானுங்க. இப்ப உங்கண்ணன் பையன் கூப்புட வந்திருக்கறனுங்க. எந்திரிச்சு வாங்க, போலாம்."

அசைவில்லை. வீதியில் கீதா கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"தண்ணி வாக்காம வரமாட்டாளாமா," என்றாள் அக்ஷயா.

புவனா பொடக்காலிக்கு ஓடினாள். அண்டாவில் மிச்சம் இருந்த மஞ்சள் தண்ணீரைக் குடத்தில் மொண்டுகொண்டு வந்தாள். மகள் கைகாட்டிய இடத்தில், தன் இடுப்பு உயரத்துக்கு ஒரு தலை இருப்பதாக நினைத்து ஊற்றினாள். தண்ணீர் நேராகத் தரைக்குப் போகவில்லை. பாதி வழியில் எதன் மேலோ பட்டுப் பிரிந்து, இரண்டு பக்கமும் வழிந்து இறங்கியது. வேப்பிலை ஒன்று அந்தரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது, பிறகு நழுவியது. கண்ணையா கையெடுத்துக் கும்பிட்டான். கீதா கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்ஷயா எழுந்தாள். வலது கையைச் சற்றே நீட்டி, எதையோ பற்றிக்கொண்டாள். குறுகலான வாசலில் இரண்டு பேர் சேர்ந்து வரும்போது ஒருவர் ஒருக்களிப்பது போல ஒருக்களித்து, வாசப்படியைத் தாண்டினாள். புவனா பாய்ந்து கன்னத்தைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வீதியில் சலசலவென்று சத்தம். அத்தனை வாசலிலும் கட்டியிருந்த தழை, வருஷக்கணக்கில் காய்ந்தது போல் சருகாகி, இலை இலையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

கண்ணையா மெதுவாகக் கேட்டான். "இப்ப இடிக்கலாங்களா பெரியவரே?"

"ஆரும் இல்லீங்க தம்பி. இடிங்க," என்றார் தம்பிதுரை.

அவர் வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கதிர்வேல் பின்கதவைத் திறந்துவிட்டு, ஓட்டுகிற பக்கம் போய் உட்கார்ந்தான். புவனாவும் மகளும் ஏறினார்கள். அக்ஷயா இன்னும் வலது கையை விடவில்லை. கணபதியில் பிடித்த வீடு சின்னது, அங்கே இனி எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள் என்று புவனா நினைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு தடவை விட்டுவிட்டுப் போனது போதும்.

மகளை மடிக்கு இழுத்துக்கொண்டு, கதவோரமாக ஒரு பிள்ளை உட்காருகிற அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். சீட்டு லேசாக அமுங்கியது.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கதிர்வேல் திரும்பாமலே கேட்டான்.

"ஏறியாச்சுங்க," என்றாள் புவனா.

பின்கதவு சாத்திக்கொண்டது.